சீமை வாக்கும் தோட்டத்து வாழ்வும்

சீமையிலே எந்தக் கட்சி வென்றால் நமக்கென்ன என்று கேட்போர் நம்மவருள் பலர் உளர். அக்கேள்விக்குச் சரித்திரமே விடை சொல்லியிருக்கிறது. அவ்விடையைத் தோட்டத்துத் தோழர்களும் பட்டணத்து அன்பர்களும் ஊன்றி அறிதல் நலம்.

1945ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தலில், யுத்தகாலப் பிரதமர் சர்ச்சிலின் கன்சர்வேடிவ் கட்சி தோற்றது. அட்லியின் தொழிற்கட்சி 640 ஸ்தானங்களில் 393ஐக் கைப்பற்றியது. சர்ச்சிலிடம் நன்றியில்லாமலா அம்மக்கள் இவ்வாறு செய்தனர்? அன்று. யுத்தத்திற்கு முந்திய வேலையில்லாத் திண்டாட்டம் மீண்டும் வரலாகாது என்று எண்ணினர். 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை காட்டிய வழியே, நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டுமென்று விரும்பினர். அவ்விருப்பத்தையே வாக்காக்கிப் பெட்டியில் இட்டனர். 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. கையில் காசில்லாத ஏழையும் வைத்தியரை நாடலாயினான்.

இதனினும் விந்தை பின்னர் நிகழ்ந்தது. 1951 அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி அதிக வாக்குகள் பெற்றும் ஸ்தானங்களில் குறைந்தது; 321 ஸ்தானங்களுடன் கன்சர்வேடிவ்கள் பதவிக்கு மீண்டனர். மீண்டவர்கள் சுகாதார சேவையைக் கலைத்தார்களா? இல்லை. எஃகுத் தொழிலைத் தனியாரிடம் திருப்பினரேயன்றி, நிலக்கரியையும் ரயிலையும் சர்க்கார் கையிலேயே விட்டுவைத்தனர். இரு கட்சிகளின் நிதி மந்திரிகளாயிருந்த பட்லர், கெயிட்ஸ்கெல் ஆகியோரின் பெயர்களை ஒட்டவைத்து, ‘பட்ஸ்கெல்லிசம்’ என்று 1954இல் ஒரு லண்டன் பத்திரிகை இவ்வொற்றுமையைப் பரிகசித்தது. 1979இல் தாட்சர் பதவியேற்கும் வரை அவ்வுடன்பாடு பெரும்பாலும் நிலைத்தது. கருணையினாலன்று, வாக்குடையவனைப் பகைத்துக்கொள்ள எக்கட்சியும் துணியவில்லை.

நிற்க. அதே காலத்தில் மலாயாவில் நடந்ததென்ன? நமது ரப்பரும் ஈயமும் ஈட்டிய டாலரே, யுத்தத்தால் கடனாளியான பிரிட்டனுக்குப் பேருதவியாயிருந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டனர். 18ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. சீமையில் சுகாதார சேவை தொடங்குவதற்குப் பதினேழு நாட்களே இருந்தன! கொலைகளை யாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அடக்குமுறை கொலை செய்தவரோடு நிற்கவில்லை, தொழிற்சங்கங்களும் நசுங்கின. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, இந்திய சர்க்கார் கருணை கோரியும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்று லண்டனில் ஆண்டது யார்? தொழிற்சங்கங்களின் தோளிலேறிப் பதவிக்கு வந்த அதே தொழிற்கட்சி! 1951இல் ஆட்சி மாறிற்று, அவசரகாலம் மாறவில்லை. சீமைத் தொழிலாளிக்கு நன்மை செய்வதில் ஒன்றுபட்ட கட்சிகள், மலாயாவை அடக்குவதிலும் ஒன்றுபட்டன. அங்குள்ள தொழிலாளிக்கும் இங்கு பால்வெட்டியவனுக்கும் உழைப்பில் பேதமில்லை. அவன் கையில் வாக்கு இருந்தது. இவன் கையில் இல்லை. பேதம் அவ்வளவே.

1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவில் முதற் பொதுத்தேர்தல் நடந்தது. 52 ஸ்தானங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. வாக்காளரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். பிரஜாவுரிமை பெறாத நம்மவர் பெரும்பாலோர் வெளியே நின்றனர். அவ்வாறிருந்தும் வட கிந்தாவில் வி. தி. சம்பந்தன் வென்று தொழில் மந்திரியானார். 1957 சுதந்திரத்திற்குப் பின் பிரஜாவுரிமையின் கதவு அகலத் திறந்தது.

இன்றோ 18 வயதான பிரஜையின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. 2022 பொதுத்தேர்தலில், எமது ஹுத்தான் மெலிந்தாங் அடங்கிய பாகான் டத்தோ தொகுதியின் வெற்றியை நிர்ணயித்தவை 348 வாக்குகள். சில லயன்களில் அடங்கும் தொகை அது! எனினும், பிறப்புப் பத்திரமின்றியும் சிவப்பு அடையாள அட்டையோடும் வாக்கற்று நிற்போர் நம்முள் இன்னும் உளர். அவர்களுடைய நிலையைத் தலைவிதியென்று சொல்லிக் கைகட்டியிருப்பது அறிவுடைமையன்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும், தம் அண்டையில் இருக்கும் அத்தகையவர் ஒருவருக்கேனும் மனு எழுதிக் கொடுத்து, பதிவு அலுவலகம் வரை துணை செல்வாராக.