இரவல் கோட்டும் எட்டுத் தடைகளும்

1950களில் நம் சிற்றூர் ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே அச்சாகத் தோன்றும். பின்னால் தூணும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. நடுவில் நாற்காலியில் குடும்பத் தலைவர். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மனைவி. முறைத்துப் பார்க்கும் பிள்ளைகள். 'ஆடாம நில்லுங்க' என்ற குரலுக்கு விறைத்துப்போன உடல்கள். இதையெல்லாம் நடுத்தர வர்க்கப் பகட்டு என்று ஒதுக்குவது விமர்சகருக்குச் சுலபம். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி அப்போது நழுவிவிடுகிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இப்போது ஸ்டுடியோவைப் பாருங்கள். இரவல் கோட்டு, கைக்கடிகாரம், சீப்பு, பவுடர், நாற்காலி. தடைப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பியதுபோல இருக்கிறது. பட்டாளத்துக்கோ ரயில்வேக்கோ மலேயாவுக்கோ போய்க் காசோடு திரும்பிய ஒரு தலித், மனைவி மக்களோடு அங்கே வந்து சட்டையும் செருப்புமாகக் கால்மேல் கால் போட்டு உட்காரும்போது அது வெறும் பகட்டா? கோட்டு இரவல்தான். உட்கார்ந்த உடல் இரவல் இல்லையே.

இதை விடுதலை என்று கொண்டாடிவிடவும் முடியாது. நெகடிவின்மேல் ஓடிய ரீடச்சிங் பென்சில் கறுத்த முகங்களை வெளுக்க வைத்தது. ரவிக்கையும் பூவும் கிடைத்த பெண்ணுக்கு நாற்காலி எப்போதும் கிடைத்துவிடவில்லை. சாதியை மீறிய அதே சட்டகத்துக்குள் ஆணின் இடம் பத்திரமாகவே இருந்தது.

1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்திருக்கிறது. மதிப்புமிக்க வேலை. ஆனால் எந்த ஆவணத்துக்கும் வந்து சேர்வது தப்பிப் பிழைத்த படம் மட்டும்தான். வெள்ளிக்காக எடைக்குப் போட்ட நெகடிவ்கள் போக, மாட்டிவைக்கச் சுவர் இருந்த வீட்டின் படம் பிழைத்தது. கூரையில் செருகிய படம் புகையிலும் மழையிலும் போனது. ஆகவே, சேரிகளின் டிரங்குப் பெட்டிகளில் எஞ்சியிருப்பவற்றை, அவற்றில் இருப்பவர்களின் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். 'இந்தச் சட்டை யாரோடது?' என்பதிலிருந்து தொடங்கலாம்.