ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்கப் போறீங்களா? கோவை, திருப்பூர்வாசிகள் காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெட்டிக்குள் அடைத்ததுபோல் இல்லாமல், எதிரே கச்சேரி நடப்பதுபோல் பாட்டு கேட்கும் என்பதுதான் ஓப்பன் பேக் ஹெட்போன் பற்றி எல்லோரும் சொல்லும் முதல் விஷயம். அது உண்மைதான். ஆனால் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் போல ராத்திரியும் தறி ஓடும் ஊர்களில் இருப்பவர்கள், ஆன்லைனில் விமர்சனம் மட்டும் பார்த்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஆம்ப்ளிஃபயருக்கும் தனியாகச் செலவு செய்துவிட்டு, அது தேவையே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்பவர்களும் உண்டு. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஓப்பன் பேக் என்றால் என்ன?

சாதாரண ஹெட்போனில் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். ஓப்பன் பேக்கில் அந்த இடத்தில் சல்லடை போன்ற வலை இருக்கும். காற்றும் சத்தமும் அது வழியாக உள்ளே வரும், வெளியே போகும். உள்ளே எதிரொலி தங்காததால் பாட்டு விரிந்து கேட்கிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த எச்டி 414 தான் இந்த வகையின் முன்னோடி. அதே நிறுவனத்தின் எச்டி 600 வெளியானது 1997-ல். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

காது அதிகம் புழுங்காது என்பது இன்னொரு வசதி. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம் மாட்டியிருந்தாலே வித்தியாசம் தெரியும்.

தறிச் சத்தத்தைத் தடுக்குமா?

தடுக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஃபேன், மிக்ஸி, பக்கத்து அறை டிவி, தெருவில் போகும் லாரி என எல்லாமே உள்ளே கேட்கும். நீங்கள் கேட்கும் பாட்டும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். ஒரே அறையில் குழந்தைகள் தூங்கும் வீட்டுக்கு இது சரிப்பட்டு வராது.

வெளிச் சத்தம் கேட்டால் நம் கை தானாக வால்யூமைக் கூட்டும். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு சுமார் 4 மணி நேரம்தான்.

தறிப்பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பகல் முழுக்க அங்கே நின்றவர் ராத்திரி சத்தமாகப் பாட்டும் கேட்டால், காதுக்கு ஓய்வே கிடைக்காது. இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான மேல் ஸ்தாயியில் முதலில் தெரியும். பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை பிடிபடாது. அப்படி இருந்தால் ஹெட்போனுக்கு முன்னால் ஈ.என்.டி மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுப்பதுதான் நல்லது.

அப்போ யாருக்கு இது ஏற்றது?

- கதவைச் சாத்திக்கொண்டு கேட்க அமைதியான அறை இருப்பவர்கள்
- தாளில், தவிலில், வயலினில் நுணுக்கம் தேடுபவர்கள்
- வாசலில் காலிங் பெல் அடித்தால் காதில் விழ வேண்டும் என்று நினைப்பவர்கள்

பஸ், ரயில், ஆபீஸ், தறி ஓடும் வீடு என்றால் மூடிய வகைதான் சரி.

ஆம்ப்ளிஃபயர் கட்டாயமா?

எல்லா ஹெட்போனுக்கும் இல்லை. அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று இம்பீடன்ஸ் (ஓம்ஸ்). இன்னொன்று சென்சிடிவிட்டி, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்பது. இம்பீடன்ஸை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் பலர் செய்யும் தவறு.

பாட்டில் ஒரு நொடி வந்துபோகும் உச்ச சத்தத்துக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். (அந்த அளவில் தொடர்ந்து கேட்கக் கூடாது.)

- 32 ஓம்ஸ், 97 டெசிபல்: 20 மில்லிவாட், சுமார் 0.8 வோல்ட் போதும்.
- 300 ஓம்ஸ், 97 டெசிபல்: அதே 20 மில்லிவாட்தான், ஆனால் சுமார் 2.4 வோல்ட் வேண்டும்.
- ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பிளேனர் வகை, 50 ஓம்ஸ், 83.5 டெசிபல்: சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட் வேண்டும்.

ஓம்ஸ் குறைவாக இருந்தும் அதிக பவர் கேட்பது மூன்றாவதுதான்.

செல்போனில் மாட்டும் சின்ன டாங்கிள்கள் பல சுமார் 1 வோல்ட் தரும். இரண்டாவது வகை ஹெட்போனை அதில் மாட்டினால் 102 டெசிபல் வரை வரும். சினிமா பாட்டு கேட்க அது பெரும்பாலும் போதும். மெல்லப் பதிவான கர்நாடகக் கச்சேரிக்கோ மேற்கத்திய சிம்பொனிக்கோ வால்யூம் முழுசாக வைத்தும் பத்தவில்லை என்றால்தான் ஆம்ப் தேவை. அதனால் முதலில் ஹெட்போன், அடுத்து டாங்கிள், அதிலும் குறை தெரிந்தால் ஆம்ப் என்று போனால் காசு மிச்சம்.

ஆம்ப் வாங்கினால் எதைப் பார்ப்பது?

*அவுட்புட் இம்பீடன்ஸ்:* இது ஹெட்போனின் ஓம்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 32 ஓம்ஸ் ஹெட்போனுக்கு 4 ஓம்ஸோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் நல்லது. வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவரின் ஹெட்போன் துளையில் இது 100 ஓம்ஸைத் தாண்டுவது உண்டு. அதில் மாட்டினால் பல ஹெட்போன்களில் பேஸ் வீங்கிக் கேட்கும்.

*அடாப்டர்:* வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் ஆம்ப் என்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகக் கூடாது, புகைந்துவிடும். விலை கணக்குப் போடும்போது சுங்க வரி, ஜிஎஸ்டி, வாரன்டி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

*எர்த்:* லேப்டாப்பில் இணைத்ததும் "உம்ம்" என்று இரைச்சல் வந்தால், ஆம்ப் கோளாறு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பு எப்படி?

வலை திறந்திருப்பதால் தூசு உள்ளே போகும். மில், பனியன் கம்பெனி பக்கம் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசியும் சேரும். கேட்டு முடித்ததும் துணிப்பையில் போட்டு வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மாட்டினால் இயர்பேட் சீக்கிரம் கெட்டிப்படும். மாற்று பேட் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

வாங்கும் முன் யாரிடமாவது ஓப்பன் பேக்கை இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரத்தில், அதே அறையில், ஃபேன் ஓடும்போதே கேட்டுப் பாருங்கள். நன்கு தெரிந்த ஒரு பாட்டு போதும். வால்யூமைப் பாதிக்கு மேல் கூட்டாமலே பின்னணி வாத்தியங்கள் தெளிவாகக் கேட்டால் தைரியமாக வாங்கலாம். கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால், உங்கள் வீட்டுக்கு மூடிய ஹெட்போன்தான் சரி. ஆம்ப் வாங்கி அந்தக் குறையைத் தீர்க்க முடியாது. சத்தம்தான் கூடும், காதுதான் கெடும்.