அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர்கள்



சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். யார் யாரை மணக்கலாம் என்று விதிக்கும் அதிகாரமே சாதியைக் காக்கிறது. தற்பாலின இணையரின் திருமண உரிமையை நாம் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

'வாழ்ந்தாலும் செல்லாது' என்ற தீர்ப்பு நமக்குப் புதிதல்ல. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும், 1953இல், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1967இல் அண்ணாவின் ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. வாழ்க்கை முன்னே போனது. சட்டம் பின்னால் வந்தது. ஆனால் அந்தப் பிரிவும் கணவன், மனைவி என்ற சொற்களைத் தாண்டவில்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து தற்பாலின உறவை விடுவித்தது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் மதுரை அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். தற்பாலின இணையருக்குத் திருமணத்துக்கு நிகரான சட்ட ஏற்பும் வேண்டியதில்லை என்று மூவர் முடிவு செய்தனர்.

இது நகரத்து மேட்டுக்குடியின் வழக்கு என்று நம் கூட்டங்களிலேயே சிலர் சொல்கிறார்கள். அந்த வழக்கின் சில மனுக்கள் வேறொன்றையும் எதிர்த்தன: 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கோரும் 30 நாள் அறிவிப்பு. மணக்க விரும்பும் இருவரின் பெயரும் முகவரியும் பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகின்றன. சாதி மறுத்து மணக்க வரும் நம் பிள்ளையை ஆணவக் கொலைகாரருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தப் பலகைதான். நாளை இரு பெண்கள் அங்கே விண்ணப்பித்தாலும், அவர்களைத் தேடி முதலில் வருவது பெற்ற வீடாகத்தான் இருக்கும்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. 2015இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி நாளேட்டில் விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை என்றது விளம்பரம். ஐயர் என்றால் விருப்பம் என்றும் சேர்த்துக்கொண்டது. பாலினம் மாறினாலும் அகமணம் மாறாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும்.

திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த வழக்கில் பெற்றோரின் பிடியிலிருந்து மீண்டவர் 25 வயதுப் பெண்.

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு: விரும்பிய இருவரின் இணைவைச் சட்டம் ஏற்க வேண்டும், அந்தப் பலகை அகற்றப்பட வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்டால், சாதி தப்பித்துக்கொள்ளும்.