எம்டன் எங்கிருந்து வந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. "1914-ல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பலில் இருந்த வீரத் தமிழன் செண்பகராமன்" என்று படத்தோடு போட்டிருந்தார்கள். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் ஒன்றும் போடவில்லை. காரணம், அதே கதையை நானும் வருடக்கணக்காக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் கப்பல் வரைந்து, மூன்று புகைபோக்கி போட்டு, மேல்தளத்தில் ஒரு குச்சி மனிதரையும் நிறுத்தி, "இவர்தான் நம்ம ஆளு" என்பேன்.

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். ஃபார்வர்டைப் படித்துவிட்டு வந்து, "தாத்தா, இந்தக் கப்பல் ஜெர்மனியிலிருந்து எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது? சண்டை ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலையே" என்றாள். ஜெர்மனியிலிருந்து வரவில்லை, சீனாவிலிருந்து வந்தது என்றேன். உடனே அடுத்த கேள்வி. "ஜெர்மன்காரனுக்குச் சீனாவில் என்ன வேலை? சீனாக்காரனுக்குச் சொந்தமாகப் போர்க்கப்பல் இல்லையா?"

முப்பத்தைந்து வருடம் வரலாறு நடத்தியவன். இந்தக் கேள்வியை ஒரு பையனும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. சீனாவுக்குக் கப்பல் இருந்தது. நல்ல கப்பல்களே இருந்தன. அவை போன கதையைச் சொன்னால்தான் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்கி எரிந்த கதை முழுசாகும்.

முதலில் நமக்குத் தெரிந்த பக்கம். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் கரைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. சர்ச் லைட்டைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனி டாங்கிகளைக் கண்டுபிடித்து, சுமார் அரை மணி நேரத்தில் 130 குண்டுகள் அளவுக்குச் சுட்டது. யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் துறைமுகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலிலும் அடி விழுந்தது. ஹைகோர்ட் மதிலில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பாருங்கள்.

எங்கள் ஆயா அப்போது சின்னப் பெண். காத்திவாக்கத்திலிருந்து துறைமுகம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். தெற்கே வானம் செக்கச்செவேலென்று இருந்ததையும், மறுநாள் சட்டி பானையோடு மாட்டு வண்டி கட்டி மீஞ்சூர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதையும் சாகும்வரை சொல்வார். நான் பனங்காய் திருடி மாட்டிக்கொண்டபோதெல்லாம் என் பெயர் "எம்டன்" ஆகிவிடும்.

அந்தக் கப்பல் 1908-ல் டான்சிக் கப்பல்கட்டும் தளத்தில் கடலில் இறக்கப்பட்டது. குரூஸர் வகை. குரூஸர் என்றால் பெரிய யுத்தக் கப்பலும் இல்லை, சின்னப் படகும் இல்லை. வேகமாகப் போக வேண்டும், நெடுந்தூரம் போக வேண்டும், வழியில் எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடிக்கவும் சின்னச் சண்டை போடவும் தெரிய வேண்டும். எம்டனில் பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர் வாய். வேகம் மணிக்கு 23 நாட்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் 43 கிலோமீட்டர். அதன் வீடு சிங்தாவ், சீனாவின் ஷான்டுங் கரையில் ஜெர்மனி வைத்திருந்த துறைமுகம். 1913-ல் இதே எம்டன் யாங்சே ஆற்றுக்குள் போய், சீனப் புரட்சிக்காரர்களின் கோட்டைகள் மேல் குண்டு போட்டது. சென்னைக்கு முன்பே ஆசியக் கரையில் அதற்குக் கை பழகியிருந்தது.

இப்போது சீனக் கப்பல்களுக்கு வருகிறேன். லி ஹோங்ஜாங் என்ற பெரிய மந்திரி, வெளிநாட்டுக்காரன் கப்பலோடு வந்தால் நாமும் கப்பலோடு நிற்க வேண்டும் என்று நினைத்தவர். அவர் ஏற்பாட்டில் இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங் கம்பெனி இரண்டு குரூஸர்கள் கட்டித் தந்தது, சாவ்யோங், யாங்வெய். 1881-ல் அவற்றை எடுத்துவரச் சீன மாலுமிகளே நியூகாசிலுக்குப் போனார்கள். சீனக் கொடியோடு, சீனர்கள் ஓட்டி, ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய முதல் போர்க்கப்பல்கள் அவை. மத்தியதரைக் கடலில் ஒன்றுக்குக் கரி தீர்ந்துபோய் நடுக்கடலில் நின்றதும், இன்னொன்று தேடிக் கண்டுபிடித்ததும் தனிக்கதை. எண்ணூர்க் கடலில் கரிக்கப்பல் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது சட்டென்று புரியும். நீராவிக் கப்பலுக்கு பீரங்கி இரண்டாவது, கரிதான் முதலாவது.

சாவ்யோங் வெறும் 1,350 டன். அதில் பத்து அங்குலப் பீரங்கி இரண்டு! முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வேகம் 16 நாட். அன்றைக்கு அந்த அளவுக் கப்பலில் அவ்வளவு பெரிய பீரங்கியும் அவ்வளவு வேகமும் வேறு எவரிடமும் இல்லை என்றே சொல்லலாம். கவசம் என்று பேருக்குக்கூட அதிகமில்லை. சுட்டுவிட்டு ஓடிவிடலாம், அடி வாங்காமல் இருந்தால் போதும் என்பது கணக்கு. இதே வரைபடத்தில் சிலிக்காகக் கட்டிய மூன்றாவது கப்பலை ஜப்பான் வாங்கி சுகுஷி என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆம்ஸ்ட்ராங் கடைக்காரர், யார் காசு கொடுத்தாலும் சரக்கு உண்டு.

1887-ல் இன்னும் நான்கு குரூஸர்கள் வந்து சேர்ந்தன. ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து இரண்டு, ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்து வுல்கான் கம்பெனியிடமிருந்து இரண்டு. இங்கிலாந்துக் கப்பல்களில் ஒன்று ஜியுவான், இன்னொன்று ஜிங்யுவான். ஜெர்மன் கப்பல்களில் ஒன்றும் ஜிங்யுவான்தான்! சீன எழுத்தில் வேறு வேறு, நம் எழுத்தில் ஒன்றேபோல் விழுகிறது. இன்னொன்று லாய்யுவான். ஒரே எஜமானர் இரண்டு நாட்டிடம் வாங்கியதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது. இங்கிலாந்துக்காரன் 2,300 டன்னில் 18 நாட் வேகம் கொடுத்தான், இடுப்பில் கவசம் இல்லை. ஜெர்மன்காரன் 2,900 டன்னில் பக்கவாட்டில் இரும்புக் கவசப் பட்டை கட்டினான், வேகம் குறைந்தது. ஓடிப் பிழைப்பதா, நின்று தாங்குவதா என்று இரண்டு யோசனை. பீரங்கி மட்டும் இரண்டிலும் பெரும்பாலும் க்ருப், ஜெர்மன் சரக்கு.

அவற்றை ஓட்டியவர்களும் அறியாதவர்கள் இல்லை. ஃபூச்சோ கடற்படைப் பள்ளியில் படித்தவர்கள், சிலர் இங்கிலாந்து வரை போய்ப் படித்தவர்கள். பிறகு ஏன் தோற்றார்கள்?

1888-க்குப் பிறகு அந்தக் கடற்படைக்குப் பெரிதாகப் புதுக் கப்பல் வாங்கவில்லை. பேரரசித் தாயார் சீஷியின் கோடை மாளிகைக்குக் கடற்படைப் பணம் போனது என்பது சீனாவில் எல்லோரும் சொல்லும் குறை. பணம் எங்கே போனாலும், கப்பலுக்கு வரவில்லை. இந்த இடைவெளியில் உலகத்தில் ஒரு பெரிய மாறுதல் நடந்தது, விரைவாகச் சுடும் பீரங்கி. பத்து அங்குலப் பீரங்கி ஒரு குண்டு சுட்டு அடுத்ததைப் போட நிமிடக்கணக்கில் ஆகும். புதுப் பீரங்கி வாய் சிறியது, ஆனால் ஒரு நிமிடத்தில் பல குண்டு. ஜப்பான் அதை வாங்கியது. ஆம்ஸ்ட்ராங்கே 1893-ல் யோஷினோ என்ற குரூஸரைக் கட்டிக் கொடுத்தது. 4,150 டன், 23 நாட், முழுக்க விரைவுப் பீரங்கிகள். சாவ்யோங்கும் யோஷினோவும் ஒரே கம்பெனி பெற்ற பிள்ளைகள், நடுவில் பன்னிரண்டு வருடம்.

1894 செப்டம்பர் 17, யாலு ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே சண்டை. சீன அணிவகுப்பின் வலக்கோடியில் நின்றவை சாவ்யோங்கும் யாங்வெய்யும். கொதிகலன்கள் தேய்ந்து பழைய வேகம் போய்விட்டது, மற்றக் கப்பல்களோடு சேர்ந்து நிற்கவே திணறின. யோஷினோ தலைமையில் நான்கு வேகக் கப்பல்கள் அந்தக் கோடியைச் சுற்றிக்கொண்டு அடித்தன. இரண்டிலும் உள்ளே மரத்தடுப்பு, அதன் மேல் வருடாவருடம் பூசிய வார்னிஷ். பற்றிக்கொண்டது. சாவ்யோங் மூழ்கியது, யாங்வெய் தரைதட்டி அழிந்தது. ஜியுவானின் தலைவர் டெங் ஷிசாங் அடிபட்ட கப்பலைத் திருப்பி யோஷினோ மேல் மோதப் பார்த்தார். நெருங்குமுன் கப்பல் மூழ்க, அவரும் போனார். ஜெர்மன் ஜிங்யுவானும் அன்றே போயிற்று. லாய்யுவான் மேல்தளம் எல்லாம் எரிந்தும் துறைமுகம் வந்து சேர்ந்தது; அந்தக் கவசப் பட்டைக்கு அந்த மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஜப்பான் பக்கம் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் மிச்சமிருந்தவையும் முடிந்தன. தளபதி டிங் ருசாங் தற்கொலை செய்துகொண்டார். 1881-ல் நியூகாசிலுக்குப் போய்க் கப்பல் எடுத்து வந்தவர் அவர்தான்.

இங்கேதான் பேத்தியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கடலைக் காக்க ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1897 நவம்பரில், இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கொலையானதைச் சாக்கு வைத்து ஜெர்மன் கப்பல்கள் ஜியாவ்ஜோ விரிகுடாவுக்குள் வந்தன. சண்டையே இல்லாமல் இடம் கைமாறியது. அடுத்த மார்ச்சில் 99 வருடக் குத்தகை என்று எழுதி வாங்கினார்கள். சிங்தாவ் பிறந்தது. அங்கே எம்டன் வந்து தங்கியது. அங்கிருந்து 1914 ஜூலை 31 அன்று கிளம்பியது. மஞ்சள் கடலில் அந்தக் கப்பல்கள் எரியாமல் இருந்திருந்தால், ஆயா வீட்டு மாட்டு வண்டி அன்று மீஞ்சூருக்குக் கிளம்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"அதுக்கப்புறம் சீனா கப்பலே வாங்கலையா?" என்றாள். வாங்கியது. 1898-ல் ஆம்ஸ்ட்ராங் கட்டிய ஹாய்ச்சி 4,300 டன், 24 நாட், எட்டு அங்குலப் பீரங்கி இரண்டு, சின்னது பத்து. காகிதத்தில் எம்டனைவிட ஒரு பிடி அதிகம். 1911-ல் இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டுக் கப்பல் அணிவகுப்புக்குப் போய், நியூயார்க் வரைக்கும் போய்வந்தது. தன் வீட்டு வாசலில் ஜெர்மன்காரன் உட்கார்ந்திருக்க, அது விருந்துக்குப் போய்வந்தது என்று சொன்னால் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கும். ஒற்றைக் கப்பல் வேறென்ன செய்யும்? 1937-ல் ஜப்பான்காரன் யாங்சேயில் ஏறிவராமல் தடுக்க, சீனர்களே அதை ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

காகிதக் கணக்கை நம்பக்கூடாது என்பதற்கு எம்டனே இரண்டு உதாரணம் வைத்திருக்கிறது. அக்டோபர் 28 அன்று நாலாவது போலிப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு பினாங்குக்குள் நுழைந்தது. அங்கே நின்ற ரஷ்யக் குரூஸர் ஜெம்சுக், கிட்டத்தட்ட அதே அளவு, அதே வேகம், வாய் பெரிய பீரங்கி எட்டு. தலைவர் ஊருக்குள் இருந்தார். சில நிமிடங்களில் கப்பல் போயிற்று. பினாங்கில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்!

நவம்பர் 9 அன்று கணக்கு திரும்பியது. கோகோஸ் தீவில் ஐம்பது பேரைக் கரையில் இறக்கிவிட்டு நின்ற எம்டனை ஆஸ்திரேலியாவின் சிட்னி பிடித்தது. முதலில் சரியாக அடித்தது எம்டன்தான். ஆனால் அதன் குண்டு 17 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. சிட்னி வேகமும் கூட, தன் தூரத்தைத் தானே வைத்துக்கொண்டது. யோஷினோ சாவ்யோங்குக்குச் செய்ததை, சிட்னி எம்டனுக்குச் செய்தது. பவழப்பாறை மேல் கப்பலை ஏற்றிவிட்டு தலைவர் ம்யூலர் சரணடைந்தார்.

கடைசியாக, செண்பகராமன் பிள்ளை. 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்து ஐரோப்பாவில் வேலை செய்த பெரிய மனிதர், அதில் ஒரு குறையும் இல்லை. 1914-ல் அவர் ஜூரிச்சில் இருந்து இந்திய விடுதலைக்கு அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லின் போனார். எம்டன் ஜூலை முடிவில் சிங்தாவை விட்டது. பிறகு நடுக்கடல்தான். ஜூரிச்சில் இருந்தவர் அதில் எங்கே ஏறுவது? வரைபடத்தை விரித்து இரண்டு தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எனக்கு 1979-லேயே தெரிந்திருக்கும். உங்களைத் தேதி மனப்பாடம் செய்யவில்லை என்று முட்டி போட வைத்தவன் நான்.

பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கப்பல் மேல் நிற்கும் அந்தக் குச்சி மனிதரை அழித்துவிடுங்கள். மூன்று புகைபோக்கி சரிதான், அது இருக்கட்டும்.