கிருஷ்ணன் தூதும் கோட்டாட்சியர் மேசையும்: மேல்பாதி வழக்கை முன்வைத்துச் சமரசத்தின் எல்லைகள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்தின் ஓர் இரவு ‘கிருஷ்ணன் தூது’. சமாதானம் பேசக் கிளம்பும் கண்ணனிடம், அவிழ்ந்து கிடக்கும் தன் கூந்தலுக்கு என்ன பதில் என்று திரௌபதி கேட்கிறாள். நாடு இல்லையென்றால் ஐந்து ஊர் கேட்கலாம், ஐந்து வீடாவது கேட்கலாம். கூந்தலில் பேரம் ஏது? தூதின் எல்லையைத் துரியோதனன் சபைக்கு முன்பே அவள் காட்டிவிடுகிறாள்.

அதே திரௌபதியின் கோயிலொன்றிலும் சமரசப் பேச்சு தன் எல்லையைத் தொட்டது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். வருவாய்த் துறை பலமுறை நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தை பலிக்காமல், ஜூன் 7 அன்று கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. கையாளப்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. நிலமோ நீரோ யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்க்க வகுக்கப்பட்ட பிரிவு அது. சாமி கும்பிடப் போனவர்களின் உரிமைக் கேள்வி, இடத்தகராறாகக் கோப்பில் ஏறியது.

பேச்சு முறிந்ததற்கு ஊர்ப் பிடிவாதத்தை மட்டும் காரணம் சொல்வது போதாது. கோட்டாட்சியர் மேசையில் வைத்த கேள்வியே தவறு. தலித் மக்கள் நுழையலாமா என்பதற்கு 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் விடை சொல்லிவிட்டது. அதை மறுபடி பேசக் கூப்பிட்டால், மறுக்கவும் ஒரு தரப்புக்கு இடமுண்டு என்றாகிறது. மேசையின் இருபுறமும் சமமானவையும் அல்ல: 1978இல் 12 தலித்துகள் கொல்லப்பட்ட நகரம் விழுப்புரம்.

அதற்காக, தலித் மக்களின் நுழைவை எதிர்த்த தரப்பின் பேச்சைக் கேட்கவே வேண்டாம் என்பதில்லை. கோயில் தங்களுடையது என்றார்கள் அவர்கள். பொதுக்கோயில் என்றார்கள் தலித் மக்கள். உடைமை பற்றிய வழக்கை நீதிமன்றம் தீர்க்கலாம். ஆனால், அந்தச் சொல்லுக்குள் வேறு சில அச்சங்களும் இருக்கக்கூடும். தலைக்கட்டு வரியை யார் யாரிடம் வசூலிப்பது, முதல் மரியாதை யாருக்கு, எந்த நாள் உபயம் எவருடையது, சாமி எந்தத் தெருவுக்கெல்லாம் வரும்? மத்தியஸ்தருக்கு வேலை இங்கேதான்.

2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், வட்டார அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்கு மூவர் குழு மூலம் சமூக மத்தியஸ்தத்தை வகுக்கிறது. இரு தரப்பின் முன்சம்மதம் வேண்டும். அதில் எட்டிய உடன்பாட்டை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்ற இயலாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. நிறைவேற்றியே ஆகவேண்டிய உரிமையை இந்தக் குழுவிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் நடை திறந்தது. 2025 ஏப்ரலில் காவலர் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். அடுத்த திருவிழாவுக்கான வரி நோட்டில் எந்தெந்தத் தெருக்காரர்களின் பெயர்கள் ஏறும் என்பதை இனி ஊர்தான் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.