கராஜ் கதவின் சாவி யார் கையில்?

ஸ்மார்ட் கராஜ் டோர் ஓப்பனர் வாங்கலாமா, வேண்டாமா? அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பலர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கராஜ் கதவை மேலே தூக்கி இறக்கும் மோட்டாரை இணையத்தோடு இணைத்து, செல்போனிலிருந்தே திறக்கவும் மூடவும் வைக்கும் கருவிதான் அது. விலையையும் வசதியையும் ஒப்பிட்டுப் பதில் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே வரலாற்றை வைத்துப் பதில் தேடப் போகிறேன். ஏனென்றால் இந்தக் கதவுக்கு நூறு வயது ஆகிவிட்டது. அதைத் திறக்கும் முறை மாறிய ஒவ்வொரு தடவையும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே மாறியிருக்கிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே இருக்கும். அதற்குள்ளிருந்து வீட்டுக்குள் போக ஒரு கதவும் உண்டு. காரில் வந்து இறங்குபவர்கள் பலர் தெருவாசல் கதவைத் தொடுவதே இல்லை. ஆகவே பெயருக்குத்தான் அது கார் நிறுத்தும் இடத்தின் கதவு, நடைமுறையில் அதுதான் வீட்டின் தலைவாசல்.

மோட்டார் வந்த கதை

ஆரம்பத்தில் கார் கொட்டகைகளுக்கு மாட்டுக்கொட்டகை போல இரண்டு பக்கமும் விரியும் கதவுகள்தான் இருந்தன. 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேலே தூக்கும் கதவை உருவாக்கினார். பல பலகைகளைக் கீல் போட்டு இணைத்து, தண்டவாளத்தில் ஏறி மடங்கிக் கூரையடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்படி செய்த கதவு அது. 1926-இல் அதற்கு மின்சார ஓப்பனரையும் அவரே கொண்டுவந்தார். கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடையைச் சுமப்பது முறுக்கிவிட்ட ஸ்பிரிங். மோட்டார் வெறுமனே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகின. வானொலி அலையில் இயங்கும் ரிமோட்டும் பரவலானது. காரை விட்டு இறங்காமலே கதவைத் திறக்கலாம், மழையில் நனைய வேண்டாம். ஆனால் அந்தக்கால ரிமோட்டுகளில் ரகசியம் என்று எதுவுமே கிடையாது. குறிப்பிட்ட அலைவரிசையில் ஒரு சிக்னல் வந்தால் கதவு திறக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கினால் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும். கேட்க வேடிக்கையாக இருக்கிறது, அல்லவா? அலிபாபா கதையை நினைத்துப் பாருங்கள். குகை வாசலில் சொன்ன மந்திரத்தை ஒளிந்திருந்து கேட்டவனுக்கும் கதவு திறந்தது. சொல்வது யார் என்று குகை பார்க்கவில்லை.

சங்கேத எண்ணும் சுழலும் எண்ணும்

இதற்குத் தீர்வாக ரிமோட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகளை வைத்தார்கள். 8 சுவிட்சுகள் இருந்தால் 256 விதமாக அமைக்கலாம், 12 இருந்தால் 4096 விதம். பக்கத்து வீட்டுத் தொல்லை தீர்ந்தது. ஆனால் திருடனுக்கு 4096 என்பது பெரிய எண் அல்ல. மேலும் எண் மாறாமல் அப்படியே இருப்பதால், ஒருமுறை அலையில் பிடித்துப் பதிவு செய்துகொண்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறக்கலாம்.

அதனால் 1990-களில் சுழலும் எண் முறை வந்தது. ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் எண் மாறும், பழைய எண்ணை மோட்டார் ஏற்காது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பழைய ஓப்பனர்கள் எளிதில் சாவதில்லையே! 2015-இல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர், மாட்டெல் நிறுவனம் சிறுமிகளுக்காக விற்ற ஐஎம்-மீ என்ற விளையாட்டுச் சாதனத்தை மாற்றியமைத்து, மாறாத எண் கொண்ட கதவுகளை 10 விநாடிக்குள் திறந்து காட்டினார். எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக அனுப்பினால் 29 நிமிடம் ஆகும். எண்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கும் ஒரு கணித உத்தியால் அதை 8 விநாடி அளவுக்குக் குறைத்தார். அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் ஓப்பன் செசமி. அலிபாபாவின் மந்திரமேதான்!

கதவு கொன்ற குழந்தைகள்

பூட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தானாக இறங்கும் கதவு கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. 1980-களில் அமெரிக்காவில் பல குழந்தைகள் இப்படிக் கதவின் கீழ் சிக்கி இறந்தார்கள். விளையாட்டாகப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவுக்கடியில் ஓடிய குழந்தைகளும் அதில் அடக்கம். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்களில் குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திரும்ப மேலே ஏற்றும் கூடுதல் பாதுகாப்பு கட்டாயமானது. இன்று கதவின் இரண்டு பக்கமும் தரைக்கு அருகே இருக்கும் மின்கண்கள் அப்படி வந்தவைதான்.

செல்போன் யுகத்தில் இது இன்னும் முக்கியம். கதவை மூடுபவர் பத்து மைல் தள்ளி இருக்கிறார், அவரால் பார்க்க முடியாது. அதனால்தான் தொலைவிலிருந்து மூடும் ஓப்பனர்கள் இறங்குவதற்கு முன் ஒலியும் ஒளியும் எழுப்பி எச்சரிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

கதவு உங்களுடையது, ஆனால்...

இனி வரும் சம்பவங்கள்தான் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்பவை.

சேம்பர்லெய்ன் அமெரிக்காவின் பெரிய ஓப்பனர் நிறுவனம். அதன் சுழலும் எண் ஓப்பனர்களையும் திறக்கக்கூடிய ரிமோட்டை ஸ்கைலிங்க் என்ற நிறுவனம் விற்றது. எங்கள் மென்பொருளின் பூட்டை உடைக்கிறார்கள் என்று 1998-ஆம் வருடத்து டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் சேம்பர்லெய்ன் வழக்குப் போட்டது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு, தன் ஓப்பனருக்குள் இருக்கும் மென்பொருளைப் பயன்படுத்த உரிமை உண்டு, அதற்கு வேறு நிறுவனத்தின் ரிமோட்டை வாங்குவது குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே 2004 வாக்கில் இன்னொரு கூத்து. அமெரிக்க ராணுவத் தளங்களில் புதிய வானொலிக் கருவிகள் வந்ததும், சுற்றுவட்டார வீடுகளில் ரிமோட்டுகள் வேலை செய்யாமல் போயின. இரண்டும் 390 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்தியதே காரணம். அந்த அலைவரிசை அரசுக்கு ஒதுக்கப்பட்டது. உரிமம் இல்லாத வீட்டு ரிமோட்டு குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது சட்டம். கதவு உங்களுடையதாக இருக்கலாம், காற்று உங்களுடையதல்ல.

இணையம் வந்தபின் நிலைமை இன்னும் ஒரு படி மாறியது. 2017-இல் கராஜெட் என்ற ஸ்மார்ட் கருவியை வாங்கிய ஒருவர் கோபமாக விமர்சனம் எழுதினார். அதைப் படித்த நிறுவனர், அவருடைய கருவி சர்வரோடு தொடர்புகொள்ள முடியாதபடி துண்டித்துவிட்டார். 2023 ஏப்ரலில் நெக்ஸ் என்ற நிறுவனத்தின் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருப்பது வெளியானது. எங்கோ இருக்கும் அந்நியர்கூட உங்கள் கதவைத் திறக்கலாம். பாதிக்கப்படக்கூடிய கருவிகள் 40,000-க்கு மேல் என்று ஆய்வாளர் மதிப்பிட்டார். அதே வருடம் நவம்பரில் சேம்பர்லெய்ன் தன் மைக்யூ சேவையில் அனுமதி பெறாத வெளி மென்பொருள்கள் நுழைவதை அடைத்தது. ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறந்த மென்பொருளால் தங்கள் கதவை இயக்கிவந்தவர்களுக்கு அந்த வழி மூடிக்கொண்டது.

2004 தீர்ப்பையும் 2023 சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மென்பொருள் கராஜ் கூரையில் இருந்தவரை வாங்கியவர் கை ஓங்கியிருந்தது. அது நிறுவனத்தின் சர்வருக்குக் குடிபோனதும், நிறுவனம் வழக்குப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. வாசலைச் சாத்தினாலே போதும்.

சரி, வாங்கலாமா?

உங்கள் ஓப்பனர் 1993-க்கு முந்தையதா, மின்கண் இல்லையா? ஸ்மார்ட்டோ சாதாரணமோ, முதலில் அதை மாற்றுங்கள். அது வசதிக்கான செலவே அல்ல, குழந்தைகளின் உயிருக்கான செலவு.

சுழலும் எண்ணும் மின்கண்ணும் உள்ள ஓப்பனர் ஏற்கெனவே இருக்கிறதா? அப்படியானால் ஸ்மார்ட் கருவி தரும் பெரிய லாபம் ஒன்றே ஒன்று: "கதவை மூடினோமா இல்லையா?" என்ற பாதிவழிக் கவலை தீரும். அது சின்ன லாபம் இல்லைதான். ஆனால் குறித்த நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும் வசதி உள்ள சாதாரண ஓப்பனரே அந்த வேலையைச் செய்துவிடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக்கு இந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டால், செல்போனிலிருந்து என் கதவு திறக்குமா? வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயங்கும் கருவி என்றால் திறக்கும், அதை வாங்கலாம். நிறுவனத்தின் சர்வர் வழியாக மட்டும் இயங்குவது என்றால், அந்த வசதியை நீங்கள் காசு கொடுத்து இரவல்தான் வாங்குகிறீர்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டுவிடுங்கள். 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் போய்க் கதவைத் தூக்க முடியாமல் சிலர் சிக்கிக்கொண்டதால், 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் விற்கும் வீட்டு ஓப்பனர்களுக்கு பேட்டரி கட்டாயமானது.

என் கணக்கில், இணையம் இல்லாவிட்டாலும் இயங்கும் ஸ்மார்ட் ஓப்பனர் கொடுக்கும் காசுக்குத் தகும். மற்றதற்குச் சுவரில் இருக்கும் பொத்தானே மேல். தலைவாசல் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு, தினமும் அவரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குள் போவானேன்?