குகைக்குள் ஒரு கதை

கையில் கோல் இருந்தால் குகையில் இருக்கும் பறவை மிரளும், பிடிபடாது. கோலைக் கீழே போட்டுவிட்டுக் கூண்டோடு போக வேண்டும். பிடித்த பறவையை, உள்ளே வழிமறித்துக் கிடக்கும் பாம்பின் முன்னால் திறந்துவிட்டால், சின்னப் பறவை பாம்பை விரட்டிவிடும். இத்தனைக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் எழுத்து, பல இடங்களில் டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் தடதடவென்று அடித்துத் தள்ளிய எழுத்து.

இது ஒரு கணினி விளையாட்டு. பெயர் ‘அட்வென்ச்சர்’. எழுதியவர் வில் கிரௌதர். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டைக் கட்டிய பிபிஎன் நிறுவனத்தின் நிரலாளர். ஓய்வு கிடைத்தால் குகைக்குள் இறங்கிவிடுவார். கென்டக்கியில் உள்ள மாமத் குகைத் தொடரை அவரும் மனைவி பாட்ரிசியாவும் அளந்து வரைபடமாக்கியவர்கள். பக்கத்துக் குகைத் தொடர் ஒன்று மாமத்தோடு சேர்கிறது என்று 1972இல் கண்டறிந்த குழுவில் பாட்ரிசியாவும் இருந்தார். பிறகு மணமுறிவு. பிரிந்திருந்த இரண்டு மகள்களும் வந்தால் விளையாட ஏதாவது வேண்டுமே என்று, 1975–76 வாக்கில், ஃபோர்ட்ரான் மொழியில் சுமார் 700 வரிகள் எழுதினார்.

குகை அளப்பவரின் குறிப்பேடு எப்படி இருக்கும்? இங்கே தாழ்ந்த வழி, தவழ்ந்து போகணும், மேற்கே ஒரு கூடம், தெற்கே பள்ளம். விளையாட்டின் நடையும் அதேதான். இரும்புக் கிராதி போட்ட நுழைவாயிலும், ‘ஒய்2’ என்ற அளவைக் குறியும் நிஜக் குகையிலிருந்து அப்படியே வந்தவை. குள்ளர்களும் மந்திரச் சொல்லும் கற்பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரேமாதிரி இருக்கும் ஒரு சுற்றுவழி உண்டு. அதிலிருந்து மீள, கையிலிருக்கும் பொருள்களை இடத்துக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டே போக வேண்டும். மகள்களுக்கு அப்பா சத்தமில்லாமல் நில அளவை சொல்லிக்கொடுத்துவிட்டார்!

கதை சொல்லும் முறையில் புதுசு இதுதான்: ‘அவன் போனான்’ என்று கதை நகராது. நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அடுத்த வரி ஆடுபவர் எழுத வேண்டியது. அதுவும் இரண்டே சொல்லுக்குள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் கணினி பார்க்கும்.

ஸ்டான்ஃபோர்டில் படித்த டான் வுட்ஸுக்கு இதன் பிரதி ஒன்று கிடைத்தது. மேலே எழுத அனுமதி கேட்கலாமென்றால் ஆசிரியரின் முகவரி தெரியாது. வலையில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் ‘கிரௌதர்’ என்று பெயரிட்டு மடல் போட்டார்! பதிலும் வந்தது. புதையல்களைக் கூட்டி, பாலத்தில் சுங்கம் கேட்கும் பூதத்தைச் சேர்த்து, மொத்தம் 350 மதிப்பெண் என்று வைத்து 1977இல் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை கெட்டது. எம்ஐடி மாணவர்கள் அதே ஆண்டு ‘ஸோர்க்’ தொடங்கினார்கள். ‘அட்வென்ச்சர்’ ஆடிய ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் படங்களோடு ‘மிஸ்டரி ஹவுஸ்’ செய்தார்.

கிரௌதரின் மூலப்பிரதி தொலைந்தே போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2005இல் அது வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் பிரதியில் கிடைத்தது. தேடியவர் டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர். அவர் கென்டக்கிக்கே போய், குகைக்குள் இறங்கி, நிரலில் இருந்த வழிகளை நிஜ வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.